விழுந்த இடத்தில் உட்கார்ந்திருந்த மதினிக்கு

என் பிரியமுள்ள மதினி,

எங்கே போனாலும் ஊர்க்கதை கேட்காமல் உங்களுக்கு இருப்புக்கொள்ளாது. அதனால் முதலில் நல்ல செய்தி. அண்ணன் சொதி வைக்கக் கற்றுக்கொண்டார். தேங்காய்ப்பால் ஒவ்வொரு தடவையும் திரிந்துபோகிறது, நாங்களும் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லிச் சாப்பிடுகிறோம். மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் உங்கள் சேலையில் ஒன்றைக்கூட வெளியே எடுக்க விடமாட்டேன் என்கிறார்.

இனி எழுதப்போவது நல்ல செய்தி இல்லை. நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த அதே பால் கம்பெனியில், பாக்கெட் போடும் பகுதிக்கு இப்போது நான் சூப்பர்வைசர். தினமும் வேலை தொடங்குமுன் எல்லாரையும் நிற்கவைத்து, "தரையப் பாத்து நடங்க, ஓடாதீங்க, பூட்ஸ் இல்லாம உள்ள வராதீங்க" என்று பேசுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் பின்வரிசையில் நின்று என்னைப் போலவே கையை ஆட்டிக் காட்டியிருப்பீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் விழுந்துவிட்டேன். குளிர் அறை வாசலில். கூடைகளிலிருந்து சொட்டும் பாலும், கதவடியில் கசியும் தண்ணீரும் அந்த வெள்ளை டைல்ஸில் கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும், உங்களுக்குத்தான் தெரியுமே. கால் வழுக்கியது, இடுப்பு தரையில் மோதியது. அடி பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் நான் என்ன செய்தேன் தெரியுமா? யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. சட்டென்று எழுந்து சேலையை உதறிக்கொண்டு நடந்துவிட்டேன்.

துடைக்க ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். தினமும் பிரசங்கம் பண்ணுகிறவள் மல்லாந்து கிடந்தாளாம் என்று கேண்டீனில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஈரத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தேன் மதினி. இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது.

கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் செல்வி விழுந்தாள். அவளை உங்களுக்குத் தெரியாது, நீங்கள் போன பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். வண்ணார்பேட்டைக்காரி. இங்கே வேலை முடிந்து போய் வீட்டில் ஜாக்கெட் தைப்பாள். பால் நிறைந்த கூடையோடு விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஓடிப்போய்த் தூக்கினவள் நான்தான். வலியைப் பொறுத்துக்கொண்டு அவள் என்னிடம் சொன்னாள்: "என் தப்புதான்க்கா. பாக்காம வந்துட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை.

மேனேஜர் வந்து பார்த்தார். "இவ்வளவு கவனமில்லாத பிள்ளைய வச்சிக்கிட்டு என்ன செய்ய? கட்டுப் பிரிச்சபெறகு வர வேண்டாம்னு சொல்லிருங்க" என்றார். அதற்கும் தலையை ஆட்டினேன்.

அன்றைக்கு பஸ்ஸில் தச்சநல்லூர் வந்து சேரும்வரை எனக்கு உங்கள் நினைப்புத்தான். கேன் கழுவும் இடத்தில் குறுக்கே கிடந்த தண்ணீர்க் குழாய் தடுக்கி நீங்கள் விழுந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? விழுந்த இடத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டீர்கள். "அண்ணாச்சி, இங்கன வந்து பாருங்க. இந்தக் குழாய எடுத்தாத்தான் நான் எந்திப்பேன்" என்று ஃபோர்மேனைச் சத்தம்போட்டுக் கூப்பிட்டீர்கள். எனக்கு மானம் போயிற்று. உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எந்திரிங்க மதினி, எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும்ட்டீ. பாத்தாத்தான அடுத்தவ விழாம இருப்பா."

அன்று சுவரில் அடித்த கொக்கியில்தான் இன்றைக்கும் அந்தக் குழாய் தொங்குகிறது. அங்கே அதற்குப் பிறகு யாரும் தடுக்கி விழவில்லை. அந்தக் கொக்கியைத் தினமும் பார்க்கிறேன், ஆனாலும் எனக்குப் புத்தி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செல்வி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தையல் மிஷினைத் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் சுத்திப் போயிருப்பேனேக்கா" என்றாள். 

இன்று காலை எல்லாரையும் நிற்கவைத்தேன். மேனேஜரும் இருந்தார். "செவ்வாய்க்கெழம செல்விக்கு முன்னால நான் அங்கன விழுந்தேன். வெளிய சொல்லல, தொடைக்கவும் சொல்லல. அந்தப் பிள்ள மேல தப்பு இல்ல" என்றேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு லோடு ஏற்றும் முருகன் அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "நானுந்தான் அங்கன விழுந்தேன். பைக்குல விழுந்துட்டேன்னுலா வீட்டுல சொன்னேன்." பின்னாலிருந்து ஒருத்தி, "நானும்" என்றாள். அவள் பக்கத்தில் நின்றவளும் கையைத் தூக்கினாள். அத்தனை பேரும் தனியாக விழுந்து, தனியாக எழுந்து, வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம் மதினி.

மேனேஜர் குளிர் அறை வாசலில் போய்க் குனிந்து பார்த்தார். கதவின் கிழிந்த ரப்பரை மாற்ற மத்தியானமே ஆள் வந்துவிட்டது. கூடைகளைச் சொட்ட வைக்கத் தனி இடமும் ஒதுக்கிவிட்டோம். செல்வியைத் திரும்ப எடுப்பதைப் பற்றிக் கேட்டால் மட்டும் "பாப்போம்" என்கிறார். அவள் கை பழையபடி ஊசி பிடிக்குமா என்று கேட்டால் டாக்டரும் அதையேதான் சொல்கிறார்.

இந்தக் கடிதத்தை நம் பாக்கெட் பகுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போகிறேன். படித்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். செல்வி திரும்ப வேலைக்கு வரும்வரை நான் மேனேஜரைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். இன்னொரு வாக்கும் உங்களுக்குத் தருகிறேன். இனி எங்கே விழுந்தாலும் நான் சட்டென்று எழுந்திருக்க மாட்டேன். காலை நீட்டி, அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

எல்லாரும் பாக்காவ என்று அன்றைக்கு உங்கள் கையைப் பிடித்து இழுத்த,
உங்கள் நாத்தனார்,
ஜெயா