வெள்ளைக் கோழிகளுக்குச் சுறா எண்ணெய்

1963 ஜூலை 5, வெள்ளி

மேற்கிலிருந்து கச்சான் காற்று. முற்றமெல்லாம் மணல். கூட்டியது வீண்.

பிளாக் ஆபீசில் வாங்கிய வெள்ளைக்கோழி எட்டு, சேவல் ஒன்று. எல்லாம் உமி அறைக்குள். இன்று முட்டை மூன்று, மூன்றும் ஓடில்லாத தோல்முட்டை. முன்பு இட்டவற்றை நாட்டுக்கோழி அடையில் வைத்துப் பொரித்த குஞ்சு ஏழும் நொண்டி.

அவர் கொழும்பில். இங்கே அவருடைய உம்மாவும் நானும்தான். மாமி சொல்லிவிட்டார்: "இன்னும் மூணு வெள்ளி பாப்பேன். குஞ்சு எந்திரிச்சு நிக்கலன்னா அம்புட்டும் ஆணந்தான்."

சொன்னால் செய்வார். சட்டியில் குழம்பாக என் கோழிகளா!

ஜூலை 8

பிளாக் ஆபீஸ் கிராமசேவிகா வந்தார். "வெயிலே படாம வச்சிருக்கீங்களே? வைட்டமின் டி கொறவு. அதான் காலும் நிக்கல, முட்ட ஓடும் பிடிக்கல. வெளிய விடுங்க."

மாமி: "வெள்ளவெளேர்னு இருக்கு. ஊர்க்கண்ணு பட்டாத் தாங்குமா? பருந்து வேற."

ஆக, எங்கள் வீட்டில் கோழிக்கும் கோஷா. சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"அப்படின்னா தீவனத்துல சுறா ஈரல் எண்ணெ கலந்து வைங்க. படிக்கு ரெண்டு டீக்கரண்டி. கூடப் போடாதீங்க."

ஜூலை 9

சுறா எண்ணெய்க்கா இங்கே பஞ்சம்! பக்கத்து வீட்டு சுபைதா லாத்தா, மீன்பிடி வள்ளத்துக்குப் பூசுகிற எண்ணெயைக் கொடுத்தாள். நாற்றம் தெருவைத் தூக்கியது. கலந்து வைத்தேன்.

ஜூலை 13

ஒன்றும் தின்னவில்லை. ஒரு குஞ்சு செத்தது. என் அவசரப் புத்தி. அழுதேன்.

கிராமசேவிகா டின்னை மோந்து பார்த்தார். "வெயில்ல கெடந்து கெட்டுப்போன எண்ணெ. சத்தே இருக்காது. புது ஈரல உருக்குங்க."

சொல்லச் சுலபம். இந்தக் காற்றில் ஒரு வள்ளமும் இறங்கவில்லை.

ஜூலை 15

காற்று தணிந்தது. லாத்தா வீட்டு வள்ளம் போயிருக்கிறது. யா அல்லாஹ், ஒரே ஒரு சுறா.

மாலை: பால்சுறா! ஈரல் எனக்கு. மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். "தீயக் கொற புள்ள, கருகிரும்."

ஜூலை 21

தின்கின்றன. முட்டை நான்கு. ஒன்றுதான் தோல்.

வாங்க: சோப்பு, கம்பு இரண்டு படி, கொழும்புக்குத் தபால் கவர்.

ஜூலை 26, வெள்ளி

மாமியின் கெடு இன்று. விடிந்ததும் தேங்காய் துருவி, மசாலா அரைத்துவிட்டார். உமி அறையைத் திறந்தேன். ஐந்து குஞ்சு ஓடி வந்தன. ஆறாவது தடுமாறியது, விழுந்தது, எழுந்து நின்றது. நின்றது!

மாமி அரைத்த மசாலாவை மூடி வைத்தார்.

"அடுத்த அடைக்கு எத்தன முட்ட வைப்ப?"

"பத்து, மாமி."

"சுபைதா வீட்டுல ஒரு பெட்ட அடைக்குக் கெடக்கு. சட்டுனு போய்க் கேளு. அவ வேற முட்டய வச்சிரப் போறா."