உங்கள் சேலையில் நான் கறந்த பால்

அக்கா,

நேற்றுக் காலை உங்கள் பழைய ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டு, உங்கள் பட்டியில் நான் எருமை கறந்தேன்.

நடந்ததை நேராகச் சொல்லிவிட்டேன். நீங்கள் சிரித்து முடியுங்கள், மிச்சத்தைச் சொல்கிறேன். உங்கள் மகளும் சிரித்தாள். உங்கள் எட்டாம் நாள் காரியம், எட்டுச் செலவு, முடிந்த பிறகு அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தது நேற்றுத்தான். எனவே அறுபதை நெருங்கும் ஒரு தயிர் வியாபாரி சேலையில் நின்ற வெட்கம் வீண் போகவில்லை.

காரணம் இதுதான். நீங்கள் போன நாளிலிருந்து எருமைகள் பால் அடக்கிக்கொண்டன. கன்றை விட்டால் சுரக்கிறது. மகள் கை வைத்தவுடன் மடி வற்றிப்போகிறது. கறக்கும் சருவத்தின் அடியில் உள்ளங்கை அளவு பால்கூட நிற்கவில்லை. கட்டாரில் இருக்கும் மருமகன், "வித்துப்போட்டு டவுனுக்கு வா" என்று போனில் சொல்லிவிட்டார். இறைச்சிக்கு மாடு பிடிக்கிறவர் வந்து பார்த்து, வெள்ளிக்கிழமை லொறி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டும் போய்விட்டார். நான் விஷயம் கேள்விப்பட்டது புதன்கிழமை.

"ஒரு நாள் எனக்குத் தா புள்ள," என்றேன். "அம்மாட சேலை ஒண்டக் கட்டிக் கறந்து பார். வாசத்துக்குச் சுரக்கும்."

"அம்மாட சேலையத் தொட எனக்கு மனசு வருதில்ல மாமா," என்றாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கதான் கறப்பீங்களே, நீங்க கட்டுங்க" என்றாள்.

கொடியில் கிடந்த சேலையை எடுத்தேன். நுளம்புக் கடிக்குப் போடும் புகை, புளித்த பால், தலைக்கு வைக்கும் நல்லெண்ணெய். எனக்குக் கண் கலங்கியதை அவள் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கல்லடிக் கடற்கரையிலிருந்து உங்கள் கரடியனாற்றுக்கு நான் முதல்முறை வந்த அன்றும் இதே வாசம்தான். ஒரு பெடல் இல்லாத சைக்கிள், இரண்டு பால் கான், அதுதான் என் முழு வியாபாரம். நீங்கள் தூரத்திலேயே கண்டுவிட்டு, "முதலாளி வாறார், பாய எடுத்துப் போடுங்க!" என்று சத்தம் போட்டீர்கள். பிறகு எனக்குக் கடையும் வாகனமும் வந்தும், நீங்கள் முதலாளி என்றால் எனக்கு அந்தப் பெடல்தான் ஞாபகம் வரும். அன்று நான் பாலை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உங்களுக்குக் கோபம் வந்தது.

"தண்ணி கலக்கிறதெண்டா உங்கட வாவித் தண்ணியத்தான் கலக்குவன் தம்பி. தயிரோட உப்பும் சேத்து விக்கலாம்."

கணவர் இல்லாமல் இருபது எருமையைத் தனியாகக் கட்டி ஆள்கிற பெண்ணிடம் விலை குறைக்கலாம் என்று கணக்குப் போட்டு வந்தவன் நான். அன்று நீங்கள் கேட்டதற்கு மேல் கொடுத்துவிட்டுத்தான் சைக்கிளை உருட்டினேன்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த காலையிலும் நாம் விலைதான் பேசிக்கொண்டிருந்தோம். மாரியில் பால் கூடுகிறது, விலையைக் குறையுங்கள் என்று நான். வெள்ளத்தில் நின்று கறக்கிறவளுக்குக் கூட்டித் தரவேண்டும் என்று நீங்கள். அரை மணித்தியாலம் இழுத்தீர்கள். நீங்கள் உடனே இறங்கியிருந்தால் நான் கல்லடிக்குத் திரும்பிக் கடைக்குள் நின்றிருப்பேன். பெண்சாதியும் பிள்ளைகளும் செங்கலடியில் மாமியார் வீட்டில் இருந்தார்கள். கடை போனது, அடுக்கி வைத்த தயிர்ச் சட்டிகள் ஓடும் மிஞ்சாமல் போயின. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், கடலோடு போன ஆட்களை நினைத்தால் என் நட்டத்தைச் சொல்லவே வாய் கூசும். ஆனாலும் உங்கள் பிடிவாதத்தால் உயிர் பிழைத்தவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அதற்கும் நீங்கள், "அப்ப மறுகா நான் சொன்ன விலைக்கு வாங்குங்க" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நான் செய்ததையும் சொல்லவேண்டும். கடல் அத்தனை உயிரைக் கொண்டுபோன பிறகு சனம் மாதக்கணக்காக மீனைத் தொடவில்லை. சோற்றுக்குத் தயிர் தேடினார்கள். எத்தனை சட்டி உறைய வைத்தாலும் மத்தியானத்துக்குள் முடிந்தது. எனக்கு ஆசை பிடித்தது. பின்னேரமும் கறக்கச் சொல்லி உங்களிடம் வந்து நின்றேன்.

"காலையில நமக்கு, பின்னேரம் கண்டுக்குட்டிக்கு. என்ட அப்பா காலத்திலயிருந்து இப்பிடித்தான்," என்றீர்கள்.

"மூணு மாசம் மட்டும் அக்கா. வீட்டுக்குக் கூரை போட்டிரலாம்."

அந்தக் கூரை என்ற சொல்லைத் தெரிந்துதான் எடுத்தேன். உங்கள் ஓலை ஒழுகுவதைப் பார்த்திருந்தேன். நீங்கள் சம்மதித்தீர்கள். கூரையும் போட்டீர்கள். அதற்குள் மூன்று கன்றுகள், விலா எலும்பு எண்ணும்படி மெலிந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. தாய்கள் பட்டி வேலியைச் சுற்றிச் சுற்றிக் கத்தின. அப்போதும் என் மூளை வேலை செய்தது. தோலை உரித்து வைக்கோல் அடைத்து முன்னால் வைத்தால் சுரக்குமே என்றேன்.

நீங்கள் கறவைக் கயிற்றை என் காலடியில் போட்டீர்கள். "செத்ததக் காட்டிப் பால் எடுக்கிற அளவுக்கு நான் இன்னும் போகல்ல. கான எடுத்துக்கொண்டு நடங்க முதலாளி."

இரண்டு கிழமை, பதினாலு நாள், என்னோடு பேசவில்லை. மூன்றாம் கிழமை பால் கிடைத்தது, காலைப் பால் மட்டும். நான் வாய் திறக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் அப்படி நான் வாய் மூடி வியாபாரம் செய்ததே இல்லை.

பிறகு சண்டை வந்து ஷெல் விழத் தொடங்கியது. நீங்கள் பட்டியின் வாசல் கடப்பைத் திறந்துவிட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் தட்டிக் காட்டுப் பக்கம் துரத்திவிட்டு, மகளோடு என் வீட்டுக்கு வந்தீர்கள். மாதக்கணக்காக எங்கள் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு பெட்டியில் வரும் பால்மாவைத் திட்டினீர்கள். "இது பாலில்ல, சுவருக்குப் பூசிற சுண்ணாம்பு" என்று என் பெண்சாதியிடம் சொல்வீர்கள். ஆனால் அது போட்ட தேத்தண்ணியை மிச்சம் வைக்கமாட்டீர்கள்.

எங்கள் பக்கம் சண்டை முடிந்து திரும்பியபோது நானும் கூட வந்தேன். காட்டோரத்தில் நின்று எருமைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டீர்கள். மிதிவெடிக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் போனது போக ஒன்பதுதான் வந்தன. இணைகொம்பி என்று நீங்கள் பேர் வைத்த எருமை முன்னால் வந்தாள்; அவளுக்குப் பின்னால், நாங்கள் யாரும் கண்டிராத ஒரு கன்று, எண்ணெய் பூசியதுபோல் மினுங்கிக்கொண்டு. நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்தேன்.

"வடிவாப் பாருங்க முதலாளி," என்றீர்கள். "உங்கட கண் படாம வளந்த கண்டு!"

அந்த இணைகொம்பியின் பக்கத்தில்தான் நேற்று நான் முக்காட்டோடு குந்தினேன். அவள் சேலையை முகர்ந்தாள். பிறகு என் முகத்தை முகர்ந்தாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது அக்கா, நான் நீங்கள் இல்லை என்று. செத்ததைக் காட்டிப் பால் எடுக்க வந்திருக்கிறேனே என்ற எண்ணம் எனக்கு அந்த நேரம்தான் உறைத்தது. எழும்பிவிடலாம் என்று பார்த்தேன். அவள் பின்னங்காலைக் கொஞ்சம் அகட்டி வைத்தாள். பால் இறங்கியது.

முதல் பீச்சு சருவத்தில் விழுந்த சத்தம் கேட்டு மகள் ஓடிவந்தாள். என் கோலத்தைப் பார்த்துச் சிரித்து, சிரித்து, வேலியைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என்னை இடித்தாள்.

"தள்ளுங்க மாமா. காம்பப் பிச்செடுத்திருவீங்க போல."

அவளே கறந்தாள், தன் சட்டையோடு. இணைகொம்பி திரும்பிப் பார்த்தாள், அடக்கவில்லை. அடுத்தது கொஞ்சம் உதைத்தது; அதுவும் சுரந்தது. வெயில் ஏற முன்னரே லொறிக்காரருக்குப் போன் எடுத்து, வரவேண்டாம் என்றாள்.

நான் சேலையை மடித்துக் கொடுத்துவிட்டு, நல்ல நேரம் பார்த்து, பின்னேரப் பாலும் கிடைத்தால் விலையைக் கூட்டலாம் என்று தொடங்கினேன். பழக்கம் அக்கா, வாய் தானாகப் போகிறது. அவள் கறவைக் கயிற்றைக் கையில் எடுத்தாள். போடவில்லை, எடுத்தாள்; அவ்வளவுதான். நான் சொல்லிக்கொண்டிருந்ததை விழுங்கினேன்.

அரை மணித்தியாலம் இழுத்து முடித்தோம்: காலைப் பால் மட்டும், லீற்றர் அறுபது ரூபா, மாரிக்கும் கோடைக்கும் ஒரே விலை, கன்று ஊட்டும் பின்னேரத்தில் நான் பட்டிப் பக்கம் தலைகாட்டக் கூடாது.