சாம்பல்கழுத்தும் செந்தொடையும்

நாள் 2611, 09:10
பதிவு: பரிமளம் இஸ்ரவேல், சுற்றுப்பாதைப் பறவைக் காப்பகம். சதுப்புத் தீவுகள் கடலுக்குள் போன பிறகு மிஞ்சிய கானாங்கோழிகள் இவைதான். இரண்டு இனம், இனத்துக்கு ஆறு. ‘அ’ அறையில் சாம்பல்கழுத்து: ஒரு புழுவைத் தின்ன நாலு தடவை யோசிக்கும். ‘ஆ’ அறையில் செந்தொடை: பந்திக்கு முந்துகிற ரகம். இரண்டையும் ஒரே அறையில் விட்டால் கொத்திக் கொன்றுகொள்ளும் என்பது முதல் விதி. ஏழு வருடத்தில் ஒருநாளும் மீறியதில்லை. எல்லாம் நலம்.

நாள் 2614, 14:25
வெப்பக் கருவி இரண்டில் ஒன்று செத்துவிட்டது. என் அறைக்கும் சூடு இல்லை. தரைநிலையத்திலிருந்து கோமதிநாயகம்: “யக்கா, விண்ணோடம் வர ஒம்பது நாளு ஆவும். ஒரு ரூமுக்குத்தான் சூடு காணும். எதுக்குன்னு நீங்கதான் சொல்லணும்.”

நாள் 2614, 17:40
ஒப்பிட்டேன். செந்தொடை ஒரு தடவைக்கு நாலு முட்டை இடும், சாம்பல்கழுத்து ஒன்றே ஒன்று. செந்தொடை என்று சொல்லிவிட்டேன். ‘அ’ அறைக்குள் என் போர்வையைப் போட்டேன். அதுவும் ஒரு உதவியா?

நாள் 2616, 08:05
நாலு போய்விட்டன. ஐந்தாவது தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

08:50
கோமதிநாயகம்: “யக்கா, பழைய ஃபைலத் தேடிப் பாத்தேன். அந்த விதி நம்ம பறவைக்கு எழுதுனது இல்ல. சண்டக்கோழிக்கு இருந்தத அப்படியே எடுத்து ஒட்டியிருக்காவ. ஒருத்தரும் சோதிச்சுப் பாக்கல. யக்கா, கேக்குதா?”
கேட்டது.

09:15
ஐந்தாவதும் போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றைத் தூக்கிப்போய் ‘ஆ’ அறையில் விட்டேன். கொத்தவில்லை. ஒரு செந்தொடை நகர்ந்து இடம் கொடுத்தது. பிறகு இறக்கையைத் தூக்கி அதை உள்ளே இழுத்துக்கொண்டது. ஐந்தையும் குளிர் கொல்லவில்லை, நான்தான் கொன்றேன். ஒருமுறை கதவைத் திறந்து பார்த்திருக்கலாம். தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நாள் 2619, 11:30
இரண்டாவது கருவியும் நின்றுவிட்டது. ஒன்பது டிகிரி, இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஓடத்துக்கு இன்னும் நாலு நாள். ஏழும் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. தரைநிலையம் பேசுகிறது, என்ன பேசி என்ன.

16:05
மூன்று டிகிரி. நானும் உள்ளே போகிறேன். என் உடம்புச் சூடாவது சேரட்டும். விரல் மரத்துவிட்டது. இதைக் கண்டெடுப்பவருக்கு: எது பிழைத்திருந்தாலும் பிரிக்காதீர்கள். முதலில் என் கைக்கு அடியில் பாருங்கள், சாம்பல்கழுத்தை அங்கேதான் வைத்துக்