கொத்தமல்லி தூவாத சூப்

புவெப்லா,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஆராசெலிக்கு,

அம்மா எழுதுகிறேன். குவாதலூப்பே மாதா புண்ணியத்தில் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. கடையிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. நீ இருக்கும் மாந்தெர்ரேயில் வெயில் கொளுத்துகிறதாமே, தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

செவ்வாய்க்கிழமை நடந்ததற்கு என்மேல்தான் தப்பு.

நீ இங்குள்ள ஃபேக்டரி வேலையாக வந்து, ஆபீஸ்காரர்கள் மூன்று பேரோடு நம் கடை வாசலில் வந்து நின்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "செலிக்குட்டி" என்று கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் உன் மேலதிகாரி, அந்த உயரமான அம்மாள், "ஃபேக்டரி வாட்ச்மேன் சொன்ன கடை இதுதான். விலை கம்மி, ஆனா ருசியா இருக்குமாம்" என்றாள். உன் கண் நேரே ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டியிருக்கும் உன் பட்டமளிப்புப் படத்துக்குப் போனது. பிறகு என்னைப் பார்த்தது. பெற்றவளுக்கு அது போதாதா? இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து அந்தப் படத்தின்மேல் மாட்டினேன். "வாங்க, உக்காருங்க. சூப்பு, சோறு, மோலே மிளகாய்க் குழம்பு ஊத்தின கோழி, செம்பருத்தி சர்பத்து, எல்லாம் இருக்கு" என்று உன்னையும் சேர்த்துத்தான் சொன்னேன். பெற்ற பெண்ணை 'நீங்க' என்று சொன்ன நாக்கு இன்னும் கூசுகிறது.

அந்தச் சிவப்புச் சட்டைக்காரன், "உங்கம்மா டீச்சராச்சே, வீட்டுல இப்படியெல்லாம் சமைப்பாங்களா?" என்று உன்னைக் கேட்டது அடுப்படி வரைக்கும் கேட்டது. நீ, "அவங்களுக்கு அடுப்புப் பக்கமே ஆகாது" என்றாய். ஆறாம் வகுப்போடு நின்றவள் ஒரே மத்தியானத்தில் டீச்சராகிவிட்டேன். சிரிப்பும் வந்தது, கையிலிருந்த கரண்டியும் நழுவியது.

அந்தத் தடுமாற்றத்தில்தான் காரியத்தைக் கெடுத்தேன். மற்ற கிண்ணங்களுக்கெல்லாம் கொத்தமல்லி தூவிவிட்டு, உன்னுடையதை மட்டும் தூவாமல் கொண்டுவந்து வைத்தேன். நீ வேண்டாம் என்று கேட்கக்கூட இல்லை. கை தானாகச் செய்துவிட்டது. "இவளுக்குக் கொத்தமல்லி ஆகாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அந்த அம்மாள் கேட்டதும் உன் முகம் செத்துப்போயிற்று. "தீந்துபோச்சு தாயி" என்று புளுகினேன். என் கையிலேயே ஒரு கட்டு இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு உன்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சூப்பைக் குடிக்க ஆரம்பித்தாள். உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேனே என்று அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்சி ஓட்டும் ஃபெர்மின் செய்ததையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன். அன்றைக்குச் சாப்பிட்டு எழுந்து போகும்போது வழக்கம்போல் மேசை மேசையாக "நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவன், உங்கள் மேசைக்கு மட்டும் சொல்லாமல் போனான். மறுநாள் அவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அவள விடுக்கா. படத்த மூடினது யாரு?" என்றான். அத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் எனக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உன்மேல் கோபமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நான் உன்னை மறைத்ததை நினைத்தால் அந்தக் கோபம் மனதில் தங்கமாட்டேன் என்கிறது.

ஏப்ரனை எடுத்துவிட்டேன். படத்தில் நீ பழையபடி சிரித்துக்கொண்டிருக்கிறாய். இனி யாரையாவது கூட்டிக்கொண்டு வருவதானால் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல், படத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிடுகிறேன். எல்லாருக்கும் போலவே உனக்கும் கொத்தமல்லி தூவியே கொண்டுவருகிறேன். நீ ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிடு. வராமல் மட்டும் இருந்துவிடாதே, கண்ணு.

மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரெஃபுஹியோ