ஜோதியின் வண்டிக்குச் சத்தம் போதவில்லை

8 ஜூலை 2024, திங்கள்

பால் வாங்கி வந்தபோது ஜோதி சமையலறையில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். என்ன என்றேன். "இதாவது பேசிக்கினு இருக்குது" என்றாள்.

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் இருபத்தொன்பது வருடம் டர்பைன் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நின்றவள் என் மனைவி. ஓய்வு பெற்று ஐந்து வாரம் ஆகிறது. இந்த ஆரம்பாக்கத்து வீட்டில் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு இட்லியில் ஒன்றை என் தட்டுக்குத் தள்ளிவிடுகிறாள். டாக்டர் உடம்பில் குறை ஒன்றும் இல்லை என்கிறார். நான் ஓய்வு பெற்றபோது வகுப்புச் சத்தம் நின்றது பெரிய நிம்மதி. அவளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரிக் கணக்குச் சொல்லித் தருகிற தப்பு.

11 ஜூலை

கார் வாங்கிவிட்டாள். பழைய ஸ்போர்ட்ஸ் கார், சிவப்பு, இரண்டே இருக்கை. ஏறுவது கிணற்றுக்குள் இறங்குவது போல. இறங்கும்போது அவள்தான் என்னைக் கைபிடித்து மேலே இழுத்தாள்.

நெடுஞ்சாலையில் ஓட்டும்போது முகம் ஒரு நிமிடம் மலர்ந்தது. பிறகு வாடியது. "சத்தமே இல்லீங்க. தையல் மிஷின் மாரி போவுது." சைலன்சரை மாற்றிச் சத்தம் ஏற்ற வேண்டுமாம். அதைப் பேசிக்கொண்டே இரண்டு இட்லியையும் சாப்பிட்டாள். சரி என்றேன். வேறு என்ன யோசிக்க இருக்கிறது?

16 ஜூலை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஸ்டீபன் பட்டறை. நான்தான் விசாரித்துப் பிடித்தேன். சைலன்சர் வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று நாலு பேர் சொன்னார்கள். போய்ப் பார்த்தால், தொழிற்சாலை ஜெனரேட்டர்களுக்குச் செய்கிறவர்.

"நாதஸ்வரத்தின் வாயில் துணி அடைத்தது போல இருக்கிறது. துணியை எடுக்க வேண்டும்" என்று உதாரணத்தோடு விளக்கினேன்.

ஸ்டீபன் முகம் சுளித்தார். "இருவத்திரண்டு வருசமா சத்தத்த கொறைக்கிறதுதான் சார் என் தொழிலு. நீங்க ஏத்த சொல்றீங்க."

"முடியுமா, முடியாதா?" என்றாள் ஜோதி.

"முடியும் மேடம். ஒரு வாரம் குடுங்க."

23 ஜூலை

என் தொடை தடிமனுக்குப் பளபளவென்று புதுக் குழாய். ஜோதி சாவியைத் திருப்பினாள். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினாள். கரகரவென்று பல்லைக் கடித்தது. என்ஜின் முன்பே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"பக்கத்துல நின்னு போன் பேசலாம் மேடம்" என்றார் ஸ்டீபன், பெருமையாக.

இரவு அவளுக்கு ஒரு டம்ளர் மோர் மட்டும்.

24 ஜூலை

ஸ்டீபனிடம் தனியாகப் போய்க் கேட்டேன். தலையைச் சொறிந்தார். குழாய்க்குள் சத்தத்தை விழுங்கக் கண்ணாடிப் பஞ்சு அடைத்து, தடுப்புத் தகடும் வைத்திருக்கிறார். "வெறும் குழாயா உட மனசு வரல சார். என் பட்டறைலர்ந்து அப்டி ஒண்ணு வெளிய போனதே இல்ல."

கோபப்பட முடியவில்லை. வேண்டுமென்றே கரும்பலகையில் பிழையோடு எழுது என்றால் என் கை எழுதுமா?

ஆனாலும் சொன்னேன். "ஸ்டீபன், என் வீட்டுக்காரி சாப்பிடுவதில்லை."

சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "சனிக்கிழமை வாங்க. கண்ண மூடிக்கினு செஞ்சிட்றேன்."

27 ஜூலை

செய்துவிட்டார். ஐயோ.

28 ஜூலை, ஞாயிறு

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. உதாரணம் சொல்வதென்றால்: தகரக் கொட்டகைக்குள் நூறு பேர் ஒரே நேரத்தில் பெஞ்சை இழுக்க வேண்டும், நிறுத்தாமல். சாலையோரம் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து நின்றார்கள். சட்டப்படியும் தப்பு. முப்பத்துநான்கு வருடம் ஒழுக்கம் போதித்தவன் வண்டிக்குள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஜோதி சிரித்தாள். நான்கு தோசை சாப்பிட்டாள்.

காலையில் பக்கத்து வீட்டு துளசிராமன் காலிச் சொம்போடு வந்தார். "இன்னா வாத்தியாரே, எருமை ரெண்டு வேளையா பால் உட மாட்டேங்குது."

"பழகிடும் நைனா" என்றாள் ஜோதி உள்ளேயிருந்து.

"யாருக்கு? எருமைக்கா, எனக்கா?"

31 ஜூலை

மூன்று நாளாக அவள் வண்டியை எடுக்கவில்லை. மறுபடி ஃபிரிட்ஜ் பக்கத்து நாற்காலி. ஏன் என்று கேட்டேன்.

"சத்தம் இருக்குதுங்க. அதுல கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. டர்பைன்னா பேரிங் சூடானா ஒரு மாரி, எண்ணெ கொறஞ்சா ஒரு மாரி. நான் இன்னா சொல்லப் போறேன்னு நாலு பேரு என் மொகத்த பார்ப்பாங்க. இது சும்மா கத்துது."

இன்னொரு நாற்காலி போட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். 

3 ஆகஸ்ட், சனி

கம்பெனியிலிருந்து வந்த பழைய சைலன்சரையே மாட்டிவிடலாம் என்று பட்டறைக்குப் போனோம். அங்கே ஒரு பெரிய ஜெனரேட்டரை ஓடவிட்டு அதன் சைலன்சரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் அடங்கவில்லை என்று வாங்கியவர்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எங்கே குறை என்று தெரியாமல் ஸ்டீபன் இளைத்தே போயிருந்தார்.

யாரும் கூப்பிடாமல் ஜோதி அதனருகே போனாள். மேசையிலிருந்த நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முனையைச் சைலன்சரின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தாள். டர்பைன்காரர்கள் இப்படித்தான் கேட்பார்களாம், டாக்டர் நெஞ்சில் குழல் வைப்பது போல. இடம் மாற்றி மாற்றி ஐந்து நிமிடம்.

"மூணாவது தகடு. கீழ் ஓரம். வெல்டு உட்டுக்கினு இருக்குது."

ஸ்டீபன் சிரித்தார். அறுத்துப் பார்த்தார். நகத்தளவு வெடிப்பு. சிரிப்பு நின்றது.

"மேடம், திங்கக்கிழமை இன்னொண்ணு டெஸ்டிங் இருக்குது" என்றார் மெதுவாக.

ஜோதி என் பக்கம் திரும்பவே இல்லை. "எத்தினி மணிக்கு?" என்றாள்.

5 ஆகஸ்ட்

எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தேன். டப்பா காலியாக வந்தது.

18 ஆகஸ்ட், ஞாயிறு

வாரத்தில் ஆறு நாள் காலை எட்டு மணிக்குச் சிவப்பு வண்டி சத்தமில்லாமல் சிப்காட்டுக்குப் போகிறது. எருமை பால் கொடுக்கிறது. என் சமையலும் கொஞ்சம் தேறியிருக்கிறது.

இன்று விடுமுறை. காரக்குழம்பை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, ஹாலில் பாய் விரித்துப் படுத்தாள். ஏதோ தகடு கணக்கு சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். தூங்கிவிட்டாள். சற்று நேரத்தில் குறட்டை தொடங்கியது. முதலில் சின்னதாக. பிறகு அலமாரிக் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

துளசிராமன் மதில் மேல் தலையை நீட்டினார். "இன்னா வாத்தியாரே, மறுபடி அந்தக் குழாய மாட்டிட்டீங்களா? எருமை எழுந்து நின்னுடுச்சி."

இல்லை என்று கையசைத்துவிட்டு, அந்தப் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்தினேன். அவளை எழுப்பவில்லை.