நடந்தே போகக்கூடிய தூரம்

மச்சான்,

குளிர் தொடங்கிவிட்டது. இன்று தடித்த ஜாக்கெட்டை வெளியே எடுத்தபோது பைக்குள் ஊதா நிறத்தில் ஒரு துண்டு. பாரிஸ் மெட்ரோ டிக்கெட். "வெளியாலை வரும்வரைக்கும் எறிஞ்சுபோடாதை, மறிச்சுக் கேப்பாங்கள்" என்று நீ எல்லோருக்கும் சொல்வாய்.

ஜெர்மனியில், டுசல்டோர்ஃப் அகதி விடுதியில் நம் அறை ஒரு பயண முகவர் கடை. முதல் தடவை பாரிஸ் போகிறவர்கள் உன் கட்டிலில் வந்து உட்காருவார்கள். நீ வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்வாய்: "கைப்பையை முன்னாலை போடுங்கோ அக்கா. டிக்கெட்டை மெஷினிலை மட்டும் எடுங்கோ. தமிழிலை கூப்பிட்டு வித்தாலும் வாங்காதேங்கோ, அவன்தான் பெரிய கள்ளன்."

"நீர் எத்தினை தரம் போனனீர் தம்பி?"

"நானோ? ரயில் இந்த மாநிலத்தைத் தாண்டினாலே எனக்குக் கேஸ்."

உன்னிடம் இருந்தது டுல்டுங். நாடுகடத்துவதைத் தள்ளிவைக்கும் தாள், அவ்வளவுதான். எனக்கு அகதிக் கடவுச்சீட்டு கிடைத்தது. இருவரும் ஒரே மன்னார், ஒரே சண்டைக்கு ஓடிவந்தவர்கள். ஏன் எனக்கு, ஏன் உனக்கில்லை என்று எந்த அதிகாரியும் சொல்லவில்லை. பாரிஸில், நம் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், உன் ஒரே அக்கா. அவருக்கும் அங்கே வழக்கு முடியவில்லை. அவராலும் வர முடியாது. அவரைப் பார்க்க அனுமதி கேட்டு நீ திரும்பத் திரும்ப விண்ணப்பித்தாய். அக்கா நெருங்கிய குடும்பமல்ல என்று பதில் வந்தது.

நீ சொன்ன வழியில் ஒரு பிழை இருந்தது. "கார் து நோர் ஸ்டேஷனிலை ரயிலாலை இறங்கி மெட்ரோ எடுங்கோ. ஒரு தரிப்பு. இறங்கி மாறி இன்னொரு தரிப்பு. லாச்சப்பல்." சுவரில் ஒட்டியிருந்த மெட்ரோப் படத்தை வைத்துச் சொன்னாய், அதில் தெருக்கள் இல்லை. உண்மையில் ஸ்டேஷனிலிருந்து லாச்சப்பல் கொஞ்ச நேர நடை. போய்வந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் உனக்குச் சொல்லவில்லை. "நீர் சொன்ன மாதிரியே போனம்" என்றார்கள்.

மாசியில் சமையலறையில் விழுந்தாய். நெஞ்சு. முப்பது வயதுகூட இல்லை. அக்காவிடம் அனுப்பக் கோயில் ஆட்கள் ஒழுங்கு செய்தார்கள். அப்போதுதான் எல்லை தாண்ட உனக்கு ஒரு தாள் கிடைத்தது. லைஹன்பாஸ். பிணத்துக்குக் கொடுக்கும் பாஸ். அத்தனை வருடம் முடியாதது ஒரு கிழமைக்குள் முடிந்தது. அதை நீட்டிய அதிகாரியிடம் தமிழிலேயே கேட்டேன்: "இப்ப போகலாமோ?" அவர் புன்னகையோடு தலையாட்டினார்.

அடக்கத்துக்கு நான் ரயிலில் போனேன். கார் து நோரில் இறங்கி மெட்ரோ எடுத்தேன். ஒரு தரிப்பு. இறங்கி மாறி இன்னொரு தரிப்பு.

"ஏன் தம்பி பிந்தினது? ஸ்டேஷன் பக்கத்திலைதானே?" என்றார் அக்கா.

"அவன் சொன்ன வழியாலை வந்தனான்."

"அவன் எங்கை இஞ்சை வந்தவன், வழி சொல்ல?"

கையிலிருந்த டிக்கெட்டை ஜாக்கெட் பைக்குள் போட்டேன்.

நேற்று வேலைத்தலத்தில் ஓர் அண்ணை பாரிஸ் போக வழி கேட்டார். அவருக்கு இப்போதுதான் பேப்பர் கிடைத்திருக்கிறது. கைப்பை, மெஷின், கள்ளன் எல்லாம் சொன்னேன். நடந்தே போகலாம் என்பது வாய்வரை வந்தது.

"ஒரு தரிப்பு போங்கோ அண்ணை," என்றேன். "இறங்கி மாறுங்கோ."