கனத்த கம்பி எந்தப் பக்கம்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நல்லபடியாக இருக்கிறாய் என்று இரண்டு வரி வந்தால் எங்கள் சுகம் முழுசாகும். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் தாளை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாத்திரை என்றால் மட்டும் குழந்தை போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பக்கத்து வீட்டு டீச்சர் உன்னை விசாரித்தாள்.

நீ கேட்டது முடிந்துவிட்டது. அண்ணன் போய் மூன்று வருஷமாக அவன் கிட்டார் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, அதைக் கனத்த கம்பி போட்டு, அடிக்குரலில் பேசும் பேஸ் கிட்டாராக மாற்றிக் கொடு, நான் வாசிக்கிறேன் என்றாயே. அலமாரிப் பட்டறையில் இருபது வருஷமாகக் கதவுக்குக் கீல் துளை போடுகிறவளுக்கு இது என்ன பிரமாதம் என்று நினைத்தேன். உறையைத் திறந்ததும் அவன் சட்டை வாசனை வந்தது. மூடிவிட்டேன். மறுநாள்தான் திரும்பத் திறந்தேன். பழைய கழுத்தைக் கழற்றிவிட்டு, வாத்தியம் பழுது பார்க்கும் கடைக்காரரிடம் வாங்கின நீளமான பேஸ் கழுத்தைப் பூட்டினேன். கழுத்து நீண்டதால் கம்பியின் அடிமுனையைப் பிடிக்கிற பிரிட்ஜையும் பின்னால் தள்ள வேண்டியதாயிற்று, பழைய துளைகளை மரக்குச்சி அடித்து அடைத்தேன். முதுகில் அவன் பெல்ட் உரசின கீறல்களை மட்டும் தேய்க்கக் கை வரவில்லை.

கம்பி பூட்டின அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். அப்பா தொண்டையைக் கனைத்தார், யாரும் தொடாமல் அது 'ம்ம்' என்றது. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, நாம் எதைக் கேட்டாலும் அண்ணன் சொல்வானே, அதே 'ம்ம்'. தோதான குரல் பட்டால் கனத்த கம்பி தானே அதிரும், பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று அப்பாவிடம் சொன்னேன், தலையாட்டினார். ஆனாலும் இப்போதெல்லாம் மத்தியானத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு அதன் எதிரே உட்கார்ந்து கனைக்கிறார். பதில் வந்த பிறகுதான் சாப்பிட வருகிறார். நான் பார்க்காதது போல இருக்கிறேன். அவர் வெளியே போயிருந்த ஒருநாள் நானும் கனைத்துப் பார்த்தேன். என் குரலுக்கு அது அசையவில்லை. அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

அதைவிடக் கொடுமை கேள். கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் படிய ஒரு எலும்புத் துண்டு உண்டு, கம்பிக்கு ஒன்றாக அதில் வெட்டுப் போட வேண்டும். நானே அரத்தால் அறுத்தேன். சுருதி பார்க்கக் கடைக்குக் கொண்டுபோனால், கடைக்காரர் மடியில் வைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "கனமான கம்பிய இந்தப் பக்கம் போட்டிருக்கீங்களே, வாசிக்கிறவங்க இடக்கையாம்மா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் வீட்டில் இடக்கை அவன் ஒருவன்தானே. உனக்கென்றுதான் உட்கார்ந்தேன், கை அவனுக்குச் செய்துவிட்டது. தப்பு என்று ஒப்புக்கொள்ளாமல், "ஆமாங்க, என் பிள்ளைக்கு. வெளியூர்ல இருக்கு" என்றேன். வந்தால் கூட்டி வாருங்கள், கைக்குத் தக்கபடி கம்பி உயரத்தைச் சரிபண்ணித் தருகிறேன் என்றார். சரி என்றேன். வீடு வரும் வரை அவன் எங்கோ வேலையாக இருக்கிறான் போலவே இருந்தது. அந்தப் பொய் எனக்குத் தித்தித்தது.

ஊருக்குக் கிளம்பும்போது "உனக்கு எப்பவும் அவன்தாம்மா" என்றாய், நான் கோபித்துக்கொண்டேன். இனி எந்த முகத்தோடு கோபிப்பேன்? சொல்லாமல் சரிசெய்து அனுப்பியிருக்கலாம், உன்னிடம் மறைக்க மனசு கேட்கவில்லை. நேற்று புது எலும்புத் துண்டு வாங்கி, ஒவ்வொரு வெட்டுக்கும் உன் பெயரைச் சொல்லிக்கொண்டே அறுத்தேன். கனத்த கம்பி இப்போது உன் பக்கம். அப்பா கனைத்தால் இன்னும் பதில் சொல்கிறது.

இதைப் பார்சலில் அனுப்ப மாட்டேன். லீவு போட்டுவிட்டு நீயே வா. அப்பா எதிரே உட்கார்ந்து வாசி, அவர் கனைக்காமலே பதில் வரட்டும். பிறகு நாம் இருவரும் கடைக்குப் போவோம். வெளியூர்ப் பிள்ளை எப்போது வரும் என்று கடைக்காரர் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். பிள்ளை என்றுதானே சொன்னேன், பையன் என்று சொல்லவில்லையே. நீ வந்து நின்றால் நான் சொன்னது பொய்யில்லை.

என் ஆயுசும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும். ரோட்டைத் தாண்டும்போது காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிடு, மறக்காதே.

உன் அம்மா